கோட்டையும் கடற்கரையும் ஊர்மக்களின் புழக்கத்தில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்துக்குத் திராய்மடுவில் புதிய கட்டடம் திறக்கப்பட்டுவிட்ட நிலையில், அச்செயலகம் முன்னர் இயங்கிவந்த, புளியந்தீவிலுள்ள ஒல்லாந்தர் கோட்டையை இனி என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் ஊரில் அடிக்கடி எழுகின்றது. கிரேக்கத்துக்குச் சொந்தமான ரோட்ஸ் தீவுக்கு அண்மையில் பிள்ளைகளோடு சென்று வந்தவன் என்ற முறையில் இது பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகின்றேன்.

துருக்கிக் கரைக்கு அருகே கிடக்கும் அத்தீவை, புனித யோவான் சபையின் போர்வீரத் துறவிகள் 1309 முதல் 1522 வரை ஆண்டனர். அவர்கள் கட்டிய ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளமான மதில் இன்றும் பழைய நகரைச் சுற்றி நிற்கின்றது. அவர்களுக்குப் பின் 1912 வரை துருக்கியரும், அதன்பின் இத்தாலியரும் ஆண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தீவு கிரேக்கத்தோடு இணைந்தது. 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஆங்கிலேயர் வசமான எங்கள் கோட்டைக்கும் இத்தகைய வரலாறே உண்டு.

யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமையாக அறிவித்த அந்த மதிலுக்குள் மக்கள் இன்னமும் குடியிருக்கின்றார்கள் என்பதுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. கல் பாவிய சந்துகளில் உடுப்புகள் காய்கின்றன; துறவிகளின் பழைய விடுதிகள் வரிசையாக நிற்கும் வீதியில் எவரும் நடக்கலாம். மதிலைச் சூழ்ந்துள்ள ஆழமான அகழி இப்போது மரநிழலோடு கூடிய நடைபாதையாகியிருக்கின்றது. மாலையில் முதியவர்கள் அங்கு காலாற நடப்பதைக் கண்டபோது, இரு புறம் வாவியும் இரு புறம் அகழியுமாக அமைந்த எங்கள் கோட்டையின் கொத்தளங்களில், வாவிக் காற்று வாங்கியபடி எங்கள் முதியவர்களும் இப்படி நடக்கக் கூடாதா என்ற ஏக்கம் எழுந்தது.

தீவின் கிழக்குக் கரையிலுள்ள லிண்டோஸ் என்னும் சிற்றூரில், குன்றின் உச்சியில் அதீனா தேவியின் கோயில் இடிபாடுகளும், அடிவாரத்தில் வெள்ளை வீடுகளும், அவற்றுக்குக் கீழே தெளிந்த நீருள்ள குடாக்களும் உள்ளன. அப்போஸ்தலர் பவுல் வந்திறங்கினார் என்று அவ்வூர் மக்கள் நம்பும் குடாவும் அங்குதான் உள்ளது. ஊரின் ஒடுங்கிய சந்துகளுக்குள் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. எனினும் நண்பகலில் அச்சந்துகளில் நெரிசல் தாங்க முடியவில்லை. பயணிகளின் தொகையை மட்டுமே வளர்ச்சியாகக் கருதினால் இந்நிலைதான் ஏற்படும். அதை நாம் பின்பற்றத் தேவையில்லை.

கடற்கரை பற்றி அந்நாட்டவர் காட்டும் அக்கறையையும் குறிப்பிட வேண்டும். 2023ஆம் ஆண்டு பாரோஸ் என்ற மற்றொரு கிரேக்கத் தீவில், சாய்கதிரைகளாலும் குடைகளாலும் கரை முழுவதையும் வணிகர்கள் பிடித்துக்கொள்வதை எதிர்த்துத் துவாய்களோடு மணலில் இறங்கிய பொதுமக்களின் போராட்டம் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே அரசாங்கம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, நீர்விளிம்பிலிருந்து நான்கு மீற்றருக்குள் சாய்கதிரைகள் வைப்பதைத் தடைசெய்தது.

எங்கள் பாசிக்குடாவும் ஆழமற்ற, அமைதியான, குழந்தைகள்கூட அச்சமின்றிக் குளிக்கக்கூடிய அரிய குடாதான். போருக்குப் பின் அங்கு விடுதிகள் பல எழுந்ததால் வேலைவாய்ப்புக் கிடைத்தது உண்மை. ஆயினும் ஓட்டமாவடியிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ குடும்பத்தோடு வரும் ஒருவர், எவருடைய தயவும் இன்றிக் கரைக்குப் போகும் வழிகள் தெளிவாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கு தோணி விட்டவர்களுக்குத் தோணியேற்றும் இடமும் உறுதிசெய்யப்பட வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையிலுள்ள நாட்டில் இது பெரிய கோரிக்கையாகாது.

ஆகவே, கோட்டை தொடர்பாக எத்தகைய திட்டம் தயாரிக்கப்பட்டாலும், ஒப்பந்தம் கைச்சாத்திடப்படுவதற்கு முன் அதன் வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்குமாறும், கொத்தளங்களை நாள்தோறும் மாலையில் கட்டணமின்றித் திறந்துவிடுமாறும், பாசிக்குடாவில் பொதுப் பாதைகளை அடையாளமிட்டுப் பலகைகள் நாட்டுமாறும் உரிய அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.