கல்லீரல் மாற்று அறுவை செய்த குழந்தைகளுக்குக் கோத்தகிரியிலேயே ரத்த மாதிரி எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஒரு குழந்தையின் தாய்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உதகமண்டலம்.

பொருள்: கல்லீரல் மாற்று அறுவை செய்த குழந்தைகளுக்குக் காலை 8 மணிக்கு உள்ளூரிலேயே ரத்த மாதிரி எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தேயிலை பறிக்கும் தொழிலாளி. என் மகளுக்கு 4 வயது. பித்தநாளம் அடைபட்டுப் பிறந்தவள். 14 மாதத்தில் என் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்தான் அது நடந்தது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

அறுவை முடிந்த எட்டாம் மாதம் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இரவில் பெரிய ஆள் போலக் குறட்டை விட்டாள். பக்கத்தில் காட்டிய இடத்தில், குளிருக்கு டான்சில் வீங்கியிருக்கிறது என்று மூன்று வாரம் சிரப் கொடுத்தார்கள். ஒருநாள் குளிப்பாட்டும்போது அவள் கழுத்தில் கொண்டைக்கடலை அளவுக் கட்டிகள் என் கைக்குத் தட்டுப்பட்டன. கோவையில் சதை எடுத்துப் பார்த்த பிறகுதான், உறுப்பு மாற்றத்துக்குப் பின் வரும் நிணநீர் செல் பெருக்க நோய் என்றார்கள்.

புதுக் கல்லீரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்து கொடுக்கிறோம். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்கள் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பது. அதை அதுவரை சந்திக்காத குழந்தைக்குள் போனால், தடுக்க ஆளில்லாமல் ரத்தத்தின் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைப் பெருக்கிவிடலாம். கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறலாம். என் கல்லீரலோடு சேர்ந்தே அது போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்து, அந்த பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை ஏற்றி அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் டாக்ரோலிமஸை அந்த அளவிலேயே காப்பது கத்தி மேல் நடப்பது போல. கூடினால் கட்டி திரும்பலாம், குறைந்தால் கல்லீரலை உடம்பு தள்ளிவிடலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

இரவு 8 மணிக்குக் கொடுத்த மருந்துக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து, காலை மருந்துக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். நாங்கள் விடியற்காலை பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுக்க, மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கும்போது பத்தரை ஆகிவிடும். காலை மருந்து அதுவரை என் முந்தானை முடிச்சிலேயே இருக்கும். நேரம் தள்ளி எடுத்த ரத்தத்தில் மருந்து குறைவாகக் காட்டும். அதை நம்பி அளவைக் கூட்டினால், எந்த நோயிலிருந்து அவளை மீட்டோமோ அதற்கே மறுபடி வழிவிட்டது போலாகும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அந்தப் பரிசோதனையும் கிடையாது.

ஆகவே, கோத்தகிரி அரசு மருத்துவமனையில் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே கோவைக்கு அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். டாக்ரோலிமஸ் அளவும் வைரஸ் எண்ணிக்கையும் அந்த ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். ரத்தம் போனால் போதும், குழந்தை போக வேண்டியதில்லை. கூடலூர், குன்னூர் பக்கக் குழந்தைகளுக்கும் இதேபோல் வேண்டும்.

அப்புறம், மாற்று அறுவை செய்த குழந்தை காய்ச்சல், டான்சில் வீக்கம், கழுத்துக் கட்டி, நிற்காத வயிற்றுப்போக்கு என்று வந்தால், அறுவை செய்த மையத்துக்கு அன்றே போன் செய்து கேட்கும்படி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். எங்களுக்கு அந்த மூன்று வாரம் வீணாய்ப் போனது.

மகளுக்கு அடுத்த பரிசோதனை வரும் மாதம். அதற்குள் ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மருத்துவமனைச் சுருக்க அறிக்கை, கடைசி மூன்று ரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழந்தையின் தாய்