சரியான விடைக்குத் தவறு போடும் உங்கள் ஆங்கிலப் பயிற்சிச் செயலி குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பாடத் தயாரிப்புக் குழு

பொருள்: டென்ஸ் மற்றும் வினைச்சொல் பயிற்சிகளின் விடைக்குறிப்பில் உள்ள பிழைகள் – திருத்தம் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, எட்டு மாதங்களாகப் படித்து வருகிறேன். வேலை முடிந்து வந்து தினமும் இரவு ஒரு மணி நேரம். தவறாகப் போன ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு நோட்டில் எழுதி, செயலி சொன்ன விடையைப் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்துக்கொள்வேன். அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு ஃபைலை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். 'அனுப்ப வேண்டும், நினைவிருக்கிறது' என்று சொல்ல நினைத்து, "ஐ ரிமெம்பர் சென்டிங் த ஃபைல்" என்று மெயில் எழுதினேன். அதற்கு அர்த்தம் 'ஃபைலை அனுப்பியது நினைவிருக்கிறது' என்பது. என் மேலாளர் ஒரு மணி நேரம் இன்பாக்ஸில் வராத மெயிலைத் தேடியிருக்கிறார். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால், "ரிமெம்பர், ஃபர்கெட், ஸ்டாப் ஆகியவற்றுக்குப் பின் ஐஎன்ஜி மட்டுமே வரும்" என்று உங்கள் விளக்கம் அப்படியே சிவப்பு மையில் இருக்கிறது. "ரிமெம்பர் டு சென்ட்" என்று நான் சரியாக எழுதிய விடையை அதன் பக்கத்தில் நானே அடித்து வைத்திருக்கிறேன்.

இந்த மூன்று வினைகளும் இரண்டு விதமாகவும் வரும், பொருள்தான் மாறும். "ஹி ஸ்டாப்ட் டாக்கிங்" என்றால் பேச்சை நிறுத்தினார். "ஹி ஸ்டாப்ட் டு டாக்" என்றால் பேசுவதற்காக நின்றார். ஒன்றுக்கு நேர் எதிர் மற்றொன்று. படிக்கிறவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியதே இந்த வித்தியாசம்தான். அதையே ஒரு வரியில் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

பொருள் மாறாத இடத்தில் இன்னொரு விதமான தவறு. "இட் ஸ்டார்ட்டட் ரெயினிங்", "இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்" இரண்டுமே சரி. நான் இரண்டாவதை எழுதினேன், தவறு என்று வந்தது. "இட் இஸ் ஸ்டார்ட்டிங்" என்று இருந்தால் மட்டும், அடுத்தடுத்து இரண்டு ஐஎன்ஜி வராமலிருக்க "டு ரெயின்" என்பார்கள். அந்த நுணுக்கம் உங்கள் பாடத்தில் எங்குமே இல்லை.

டென்ஸ் பயிற்சிகளில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். 'ஐ ______ மை கீஸ்' என்று ஒரு கோடிட்ட இடம், பக்கத்தில் 'லூஸ்' என்ற வினை. முன்னும் பின்னும் ஒரு வார்த்தை கிடையாது. நான் 'லாஸ்ட்' என்று எழுதினேன். தவறாம், 'ஹேவ் லாஸ்ட்' மட்டும்தான் சரியாம். 'யெஸ்டர்டே' என்று ஒரு சொல் இருந்திருந்தால் என் விடைதான் சரி, உங்களுடையது தவறு. அது இல்லாதபோது இரண்டுமே பொருந்தும். 'சாவியைத் தொலைத்தேன்' என்பதற்கும் 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் தமிழில் நமக்குச் சொல்லித்தராமலே தெரியும். இரண்டாவதைக் கேட்டால் இப்போது கையில் சாவி இல்லை என்பதும் சேர்ந்தே கேட்கிறது. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பேசுகிறவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறார் என்பதை வைத்துத்தான் டென்ஸ் அமையும். சூழ்நிலையைச் சொல்லாமல் கோடு மட்டும் போட்டுவிட்டு, ஒரே ஒரு விடையை எப்படி எதிர்பார்க்க முடியும்? அமெரிக்கர்கள் "ஐ ஜஸ்ட் ஏட்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், பிரிட்டிஷ் வழக்கில் "ஐ'வ் ஜஸ்ட் ஈட்டன்" என்பார்கள். உங்கள் செயலியில் முதலாவதும் தவறுதான்.

இது போதாதென்று, தவறான விடைக்குச் சரி போட்டதும் உண்டு. "ஷி சஜஸ்டட் மீ டு கோ" என்பதற்குப் பச்சை டிக் வந்தது. 'அட்வைஸ்' என்ற வினைக்கு வரும் 'மீ டு கோ' என்ற அமைப்பு 'சஜஸ்ட்' என்பதற்கு வராது. "சஜஸ்டட் கோயிங்" அல்லது "சஜஸ்டட் தட் ஐ கோ" என்றுதான் எழுத வேண்டும். பச்சை டிக் வந்ததை நான் நோட்டில் எழுதுவதில்லை. அதனால் இப்படி இன்னும் எத்தனை தவறுகளைச் சரி என்று நம்பிக்கொண்டிருக்கிறேனோ!

அப்புறம் ஒரு சின்ன விஷயம். என் கைபேசி, 'ஐ'வ்' என்பதில் வரும் மேற்குறியை (அபாஸ்ட்ரஃபி) வளைவாக அடிக்கிறது. உங்கள் செயலி நேர்க்குறியை மட்டுமே ஏற்கிறது. அதே விடையைக் கணினியில் அடித்தால் சரி என்கிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதுவரை எனக்கு 'ஹேவ் லாஸ்ட்' போன்ற பிரசன்ட் பர்ஃபெக்ட் அமைப்பே புரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஒழுங்கற்ற வினைகளுக்கான உச்சரிப்புப் பகுதி அருமை. 'ரீட்' என்பது எழுத்து மாறாமல் இறந்த காலத்தில் 'ரெட்' என்று ஒலிப்பதை அங்கேதான் கற்றேன். அதை உருவாக்கியவர்களுக்கு இதையும் சரிசெய்ய முடியும் என்று நம்புவதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

'பிழையைத் தெரிவிக்க' என்ற பொத்தானை இதுவரை 23 முறை அழுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே தானியங்கிப் பதில். ஒரே ஒரு முறை ஆள் ஒருவர் பதில் எழுதினார். விடைக்குறிப்பு நிபுணர்கள் சரிபார்த்தது என்று மட்டும் சொன்னார். எந்த வாக்கியம் என்று அவர் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். இணைத்துள்ள பக்கங்களில் இருக்கும் வாக்கியங்களை ஆங்கில இலக்கணம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு விடை பொருந்தும் இடத்தில் இரண்டையும் ஏற்க வேண்டும், இல்லையென்றால் சூழ்நிலையை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். 'ரிமெம்பர், ஸ்டாப்' பற்றிய விளக்கத்தை உடனே மாற்ற வேண்டும். சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் போதாது. அதைப் படித்தவர்கள் எல்லோருக்கும் செயலியிலேயே அறிவிப்பு அனுப்புங்கள், அவர்களும் என்னைப் போல எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள். இவற்றை 30 நாட்களுக்குள் செய்ய இயலாதென்றால், சந்தாவில் மீதமுள்ள நான்கு மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தாருங்கள்.

நோட்டின் 14 பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் பாட எண்ணும் தேதியும் உள்ளன. பதிலை ஒரு மனிதர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்