தொடை முறிந்தவரை ஓட்டோவில் மடக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், தொடையெலும்பு முறிந்த பிரித்தானியச் சிப்பாய் பிழைப்பது அரிது. முறிந்த முனைகள் அசைந்து தசையைக் கிழிக்கும். தொடைக்குள்ளேயே ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் தேங்கும். இதை மாற்றியது, முறிந்த காலை இழுத்து அசையாமல் பிடிக்கும் தோமஸ் சட்டகம். இடுப்படியில் தோல் சுற்றிய வளையம், இருபுறமும் இரும்புக் கம்பி, அவ்வளவுதான். சப்பாத்தைக் கழற்றாமலே கணுக்காலில் துணி கட்டி, காலை இழுத்துக் கம்பி நுனியில் முடிவார்கள். இழுவை தளர்ந்தால் பயனில்லை.

ஏ9 வீதி விபத்துகளில் காயக்காரரை ஓட்டோவுக்குள் திணிக்கிறார்கள். அவசரம் விளங்குகிறது. ஆனாலும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். கால்களுக்கிடையே துவாய் வைத்து, முறிந்த காலை மற்றக் காலோடு கட்டுங்கள். நீங்களாக இழுத்து நிமிர்த்த வேண்டாம்.

ஓய்வுபெற்ற தாதியர் சிலர்,
யாழ்ப்பாணம்