போன முறை போனதுதான்

கவுந்தப்பாடி,
திங்கட்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதை ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதே பதில் சொல்லியிருப்பேன், உன் அம்மா சேலை விஷயம் பேசப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். எழுதுவதும் ஒருவகையில் நல்லதுதான். நீ குறுக்கே பேச முடியாது.

போன ஞாயிறு மாரத்தான் பயிற்சிக்காக ஓட வேண்டிய 26 கிலோமீட்டர் காய்ச்சலில் போய்விட்டது. வருகிற ஞாயிறு 28 ஓட வேண்டும், அன்றைக்கு உன் பெரியப்பா மகன் கல்யாணம். அதனால் வியாழக்கிழமை 26-ஐ முடித்துவிட்டு, ஊருக்கு வந்து திரும்பி, செவ்வாய்க்கிழமை 28-ஐயும் முடித்துவிடுவேன் என்கிறாய். இல்லாவிட்டால் செயலியில் இரண்டு கட்டம் சிவப்பாக நிற்குமாம். நிற்கட்டுமே! அந்தச் செயலியா ஜனவரியில் 42.195 கிலோமீட்டர் ஓடப்போகிறது?

26-ஐ விட்டுவிடு. தள்ளி வைக்க வேண்டாம், அடித்தே விடு.

நம் தோட்டத்து முறைத்தண்ணீரை நினைத்துப் பார். பவானிசாகரில் கிளம்புகிற கீழ்பவானி வாய்க்கால் 124 மைல் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய வேண்டும். ஒரே சமயத்தில் எல்லாருக்கும் எட்டாது. அதனால்தான் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, புஞ்சைக்கு நனைப்புக் கணக்கில் விட்டு விட்டுத் திறக்கிறார்கள். உன் அப்பாரு, அதுதான் என் அப்பா, ஒருதரம் கடலைக்காட்டுக்கு ஒரு நனைப்பு தவறிப்போனதென்று அடுத்த முறையில் இரண்டு பங்குத் தண்ணீரைக் கட்டி நிறுத்தினார். செடி மஞ்சளடித்து வேர் அழுகிப்போயிற்று. "கடன் தீர்க்கிற மாதிரி கட்டிப்போட்டேன்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடம்பு ஓடும்போது தேய்கிறது. பலம் ஏறுவது அதற்கப்புறம், சாப்பிட்டுத் தூங்குகிற நாட்களில். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்கிற நேரத்தில் கால் தயாராக இருக்காது. ஐந்து நாளுக்குள் 26-ம் 28-ம், நடுவில் ஒரு கல்யாணம், அதற்கு முன்னால் ஒரு காய்ச்சல். கணக்கை நீயே போட்டுப் பார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பி.டி. வாத்தியாராகச் சேர்ந்த மூன்றாவது வருஷம் என்னிடம் ஒரு பையன் இருந்தான். 5,000 மீட்டர் ஓடுவான். செருப்பில்லாமல் மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் வருகிறவன். அரைப்பரீட்சையில் பத்து நாள் பயிற்சி போயிற்று. மாவட்டப் போட்டி நெருங்குகிறதே என்று, விட்டதையும் சேர்த்து ஒரே வாரத்தில் ஓடவைத்தேன். நாலாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்றான். சோம்பல் என்று நினைத்தேன். ஏழாம் நாள் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மயிரிழை விரிசல் என்றார்கள். போட்டியன்று மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னைக் குறை சொன்னதே இல்லை. இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் "வாங்க சார்" என்று டீ வாங்கித் தருகிறான். அந்த டீ எனக்கு இறங்குவதில்லை.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். புதன் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. வியாழன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றாயே, பார்த்துவிட்டுச் சீக்கிரம் படு. வெள்ளி காலை வாய்க்கால் மேட்டில் 22 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். காய்ச்சலுக்கு முன்னால் நீ ஓடியது 24. அதைவிடக் கொஞ்சம் குறைத்து ஆரம்பிப்பதுதான் முறை. வெறும் மூக்கொழுகல் என்றால் மெல்ல ஓடலாம், காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தவர்கள் அது நன்றாக விட்டபிறகுதான் தூரத்துக்குப் போக வேண்டும். வெள்ளி எழுந்ததும் உடம்பு கனமாக இருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

ஏன் சனிக்கிழமை வேண்டாம் என்று கேட்பாய். பெரியப்பாவுக்குப் பெண் பிள்ளை இல்லை, மாப்பிள்ளைக்குச் சகோதரியாக நின்று செய்கிற இணைச்சீர் உனக்குத்தான். பட்டுச்சேலையோடு ராத்திரி எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று உன் அம்மாவைக் கேள். அதுவே பாதி ஓட்டம்.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு 26, அதற்கடுத்தது 28. அப்புறம் ஒரு வாரம் 20-க்கு இறங்கிக்கொள். அதற்கடுத்த ஞாயிறு 30, அன்றைக்குப் பந்தயத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும். உன் அட்டவணையில் இருந்த 32 இதில் அடிபட்டுப் போகிறது, போகட்டும். கடைசி இரண்டு ஞாயிறும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வா. இனிமேல் ஏதாவது இடைஞ்சல் வந்தால் ஒரு நாள், இரண்டு நாள் முன்னே பின்னே நகர்த்திக்கொள், முன்னும் பின்னும் ஒரு நாளாவது காலுக்கு ஓய்வு இருக்கிறதா என்று மட்டும் பார். நகர்த்த இடமில்லையென்றால் விட்டுவிடு. ஒரு ஞாயிறு தவறியதால் யாரும் பாதியில் நின்றதாக நான் பார்த்ததில்லை. தொடர்ந்து மூன்று நாலு தவறினால்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஓடும்போது தின்ன நீ வாங்கும் அந்தப் பசை மாதிரி சமாச்சாரத்தையும் கொண்டு வா. நான் வெல்லத்தை உடைத்து வைக்கிறேன், உப்புப் போட்ட மோரும் இருக்கும். எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும். பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதே. வியாழன் ராத்திரிக்குச் சந்தகை பிழியச் சொல்லியிருக்கிறேன், தேங்காய்ப்பாலோடு.

நாலரைக்குக் கிளம்பிவிடலாம். நான் எக்ஸ்எல் வண்டியில் தண்ணீரோடு பின்னால் வருகிறேன், பாலத்துக்குப் பக்கத்துச் சாளை வீட்டில் இரண்டு நாய் இருக்கிறது. பெரியம்மாவிடம் மட்டும் ஓடப்போனோம் என்று சொல்லிவிடாதே, சீருக்கு நிற்க வேண்டிய பெண் காலைச் சுளுக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஆரம்பித்துவிடுவாள். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதையும்தானே பார்க்கப் போகிறோம்.

அன்புடன்,
அப்பா