அம்மம்மாவிடம் கேட்டாயா?

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சஸ்கற்றூனில் குளிர் தொடங்கிவிட்டதா? போன வருடத்துச் சப்பாத்து தாங்காது என்றால் சொல், அப்பா காசு போடுவார். காதை மூடுகிற தொப்பி போடு. உடற்கூற்றியல் சோதனை எப்போது? நேர்ஸிங் படிப்பு விளையாட்டில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பெரியம்மாவின் மகள் கதைத்தாள். கம்பஸில் நீங்கள் புதன்கிழமைகளில் வட்டமாக இருந்து கனடாவின் பூர்வகுடிகளின் விஷயங்களை வாசித்துக் கதைக்கிறீர்களே, அங்கே அவளுடைய சிநேகிதி ஒருத்தியும் வருகிறாளாம். போன கிழமை நீ யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் இருந்த எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னாயாம். இரண்டு பேர் அழுதுவிட்டார்களாம். எனக்குப் பெருமைதான். சின்னனில் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை.

கோடை விடுமுறையில் நீதானே சொன்னாய்? கிறீ என்ற பூர்வகுடியின் மூத்தோர் ஒருவரிடம் ஏதாவது கேட்கப் போனால் முதலில் புகையிலை நீட்ட வேண்டும், அவர் அதைக் கையில் வாங்கினால்தான் கேட்கலாம், கேட்டதை அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னோரிடத்தில் சொல்லக்கூடாது என்று. நல்ல வழக்கம் என்று நானும் நினைத்தேன். அப்படியென்றால் அம்மம்மாவுக்கு யார் புகையிலை நீட்டியது? (வெற்றிலையோடு போடுவதை டொக்டர் நிறுத்திய பிறகு, யார் நீட்டினாலும் பறித்து வாங்குவார். அது வேறு கதை.)

இரவில் ஓடினார்கள் என்றாயாம். இரவில்லை, பட்டப்பகல். 1990 ஆனி மாதம். கருவாடு பாயில் காய்ந்துகொண்டு கிடந்தது. ஆடுகளின் கயிற்றை அறுத்து விட்டுவிட்டுத்தான் அம்மம்மா படலையைத் தாண்டினார். இதெல்லாம் அவர் வாயால் வர வேண்டியது. மாமாவின் விஷயத்தையும் அங்கே சொன்னாயா? மற்றது எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு மட்டும் எழுது.

நாங்களும் இங்கே குடியேறிகள்தான் என்று நீ சொல்ல, அப்பா கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனது உன் மனதில் இருக்கும். அவர் மனதிலும் இருக்கிறது. மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் 2017இல் விட்டது, எனக்குச் சீதனமாக எழுதிய காணி இன்னும் இராணுவ முகாமுக்குள்ளே. காணி பறிபோன மனிசனிடம் போய் நீயும் அடுத்தவன் காணியில்தான் இருக்கிறாய் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? நீ சொன்னதும் பொய்யில்லை. அதுதான் கரைச்சல்.

நீ மேசையில் விட்டுப்போன, பூர்வகுடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த விடுதிப் பள்ளிகளைப் பற்றிய உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையை வாசித்தேன். ஆணைக்குழு என்றாலே எனக்குக் கொட்டாவி வரும், எங்களுக்கென்று வைத்த ஆணைக்குழுக்களைப் பார்த்தவள் நான். ஆனால் இதில் 6,500 பேருக்கு மேல் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டுபோன பிள்ளைகள் ஒன்றரை இலட்சம். சொந்த மொழியில் கதைத்ததற்கு அடி. அந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. 2015இல் அவர்கள் வைத்த, இதையெல்லாம் செய்யுங்கள் என்கிற 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் எங்களைப் போல வந்தவர்களைப் பற்றியவை என்று எனக்குத் தெரியாது. நான் குடியுரிமைக்குக் கை உயர்த்தியபோது ராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்றுதான் சொன்னேன். பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கைகளையும் ஏற்கிற அரசியலமைப்பு என்ற வரியை அந்தச் சத்தியப்பிரமாணத்தில் 2021இல்தான் சேர்த்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் சத்தியப்பிரமாணத்தைப் பற்றிக் கதைத்து எடுபடவில்லை. அப்புறம் கலப்பைக் கதையைச் சொன்னேன். உன் கம்பஸ் நிற்கிற நிலத்துக்கு 1876இல் பூர்வகுடிகளோடு முடியரசு எழுதிய ஆறாவது உடன்படிக்கை இருக்கிறதே, அதில் தாங்கள் பகிர்ந்தது கலப்பை இறங்குகிற ஆழம் வரைக்கும்தான் என்று அங்கத்தைய மூத்தோர் சொல்வதாக நீ சொன்னதை. தலைக்கு வருடம் 5 டொலர் என்று அன்று எழுதியதை இன்றைக்கும் 5 டொலராகவே கொடுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிசன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அப்ப பொட்டாஷ்?" என்றார். ஊரில் வெங்காயத்துக்குப் பொட்டாஷ் உரம் போட்ட ஆள் அல்லவா. சஸ்கச்சுவானில் அதை ஒரு கிலோமீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கலப்பை அவ்வளவு தூரம் இறங்காதே, அப்படியென்றால் அது யாருடையது என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை, மகளைக் கேளுங்கோ என்றேன். கேட்கமாட்டார், உனக்குத் தெரியும்தானே. நீயே தொடங்கு.

அதற்கு முதல் அம்மம்மாவுக்கு எடு. இங்கே காலை ஒன்பது மணிக்குப் பூசை முடித்துச் சும்மா இருப்பார், அங்கே ஏழு மணி. நவம்பரில் நாங்கள் மணியை மாற்றினால் உனக்கு எட்டு. வலது காது கேட்காது, போனை மற்றப் பக்கம் வைக்கச் சொல். சாப்பிட்டியா என்று நாலு தரம் கேட்பார், நாலு தரமும் பதில் சொல். பிறகு மயிலிட்டியைக் கேள். அதை அங்கே சொல்லலாமா என்றும் கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு.

தாங்ஸ்கிவிங்குக்கு விமான டிக்கெட் ஏறிக்கொண்டு போகிறது என்று பெரியண்ணா சொன்னான். பார்த்து வைக்கச் சொல்லட்டுமா? சோதனை இருந்தால் வேண்டாம், படி. இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல். தொப்பியை மறக்காதே.

அம்மா