செக்கச் சிவக்கப் பொரிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பக்கத்தில், உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தீர்கள். "எண்ணெய் நல்லதாக இருந்தால் போதும், செக்கச் சிவக்கும்வரை பயமில்லாமல் பொரிக்கலாம்." மூன்று நாளாக அந்த வரி என்னை விடவில்லை. 22 ஆண்டுகள் ஒரு மாணவர் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொண்டவள் நான். என் கையால் எத்தனை பிள்ளைகளுக்குப் பொரித்துப் போட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கெட்ட எண்ணெய் வேறு விஷயம். செக்கச் சிவக்கப் பொரிப்பதில் இருக்கும் ஆபத்து, மாவுச்சத்துள்ள பண்டமும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை. கிழங்கில் இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் வினைபுரிந்தால், புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. பொரியலுக்கு நிறமும் மணமும் தருகிற வினைகளோடு சேர்ந்தே இதுவும் வருகிறது. அதனால்தான் நிறம் ஏற ஏற இதுவும் ஏறுகிறது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படாமல் டோஸ்ட் செய்த ரொட்டியிலும் இது உண்டு. வேகவைத்த கிழங்கிலோ அநேகமாக உண்டாவதே இல்லை, தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாதே! அப்படியிருக்க, நல்ல எண்ணெய் எப்படிக் காப்பாற்றும்?

இது உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. ஸ்வீடனில் ஒரு ரயில் சுரங்கப்பாதைக்குள் நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய அக்ரிலமைடு கலந்த பொருள் 1997இல் ஓடை நீரில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த மற்றவர்களின் ரத்தத்திலும் அதன் தடயம் இருந்தது. சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய்த்தான் உணவில் கண்டுபிடித்தார்கள். 2002 ஏப்ரலில் ஸ்வீடன் அதை உலகுக்கு அறிவித்தது. 2018 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்று விதிகளே இருக்கின்றன. கிலோவுக்குச் சிப்ஸில் 750 மைக்ரோகிராம், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸில் 500 மைக்ரோகிராம் என்று அளவு வைத்து, பொரிக்கும் சூடும் 175 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும் என்கிறார்கள். இத்தனையும் நடந்த பிறகு உங்கள் பக்கத்தில் "பயமில்லாமல்" என்ற சொல் எப்படி வந்தது?

என் அனுபவத்தையும் சொல்கிறேன். விடுதியில் ஒருமுறை வாரக்கணக்கில் குளிரறையில் கிடந்த கிழங்கு வந்தது. சீவி வாணலியில் போட்டதும் ஓரமெல்லாம் காப்பிக் கொட்டை நிறத்துக்குப் போய்விட்டது. பிட்டுப் பார்த்தால் நடுவில் இன்னும் பச்சை. அளவுக்கு மீறிய குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பொரிக்கிற கிழங்கை வெளியே இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். சீவலை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீர் கஞ்சிபோல் வெளுத்துவிடும். அதைக் கொட்டிவிட்டு, துணியில் ஈரம் போக ஒற்றி, பொன் மஞ்சளாகும்போதே அரித்தெடுப்போம். மொறுமொறுப்பு போய்விட்டது என்று ஒரு பிள்ளையும் தட்டை ஒதுக்கியதில்லை.

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது. கொஞ்ச காலம் முன்பு இதே பத்திரிகைதான் "சிப்ஸ் தின்றால் புற்றுநோய்" என்று பெரிய எழுத்தில் போட்டது. அதைப் படித்த என் தங்கை ஒரு வாரம் தூங்கவில்லை. அதுவும் சரியில்லை ஐயா. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994இல் அக்ரிலமைடைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்தது உண்மை. எலிகளிடம் அது நிரூபணமும் ஆனது. உணவின் வழியே மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அன்றைக்கு இதையெல்லாம் விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். பத்திரிகையைப் பாராட்டிய முதல் இரண்டு வரியை மட்டும் வெளியிட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். பெயரைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. ஒருமுறை அலறவிட்டு, மறுமுறை அதே வாசகரிடம் கவலையே வேண்டாம் என்றால், அடுப்பின் முன்னால் நிற்கிறவள் எதை நம்பிக் கரண்டியைப் பிடிப்பாள்?

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில், அதே சமையல் பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். "செக்கச் சிவக்க" என்ற இடத்தில் "பொன் மஞ்சளாக" என்று மாற்றி, கருகிய துண்டுகளை ஒதுக்கிவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் போதும். இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லை என்றால் இதைப் போடவே வேண்டாம், திருத்தத்தை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி