சம்பந்திக்கு ஸ்பானிஷில் ஒரு சொல் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லத்தீனோ வீடுகளில், அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாட்டு வம்சாவளியினர் வீடுகளில், பேரப்பிள்ளைகள் காலத்தோடு ஸ்பானிஷ் போய்விடுகிறது, மொழி போனால் எல்லாம் போச்சு என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். முதல் பாதி சரிதான். இரண்டாம் பாதி எனக்கு இடிக்கிறது. ஸ்பானிஷ் பேசத் தெரியாத லத்தீனோப் பெண் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். என் மருமகள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஒன்பது வருடமாக டெக்சாஸில் சான் ஆன்டோனியோவில் மகனோடு இருக்கிறேன். சம்பந்தி இந்த ஊர்க்காரர், மெக்சிக்க வம்சம். சம்பந்தியம்மா விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்த ஜெர்மானிய வழி அமெரிக்கர். சம்பந்தியின் ஆட்களைக் 'குடியேறியவர்கள்' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். டெக்சாஸ் 1845இல் அமெரிக்காவோடு சேர்வதற்கு முன்பே அவருடைய முன்னோர் இங்கே இருந்தவர்கள். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று இங்கே பலரும் சொல்லும் வாசகத்தை அவரும் சொல்வார்.

ஸ்பானிஷ் தானாகப் போகவில்லை, அடித்து விரட்டினார்கள். சம்பந்தி பள்ளிக்கூடம் போன காலத்தில், விளையாடும்போது ஸ்பானிஷில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் மரப்பலகையால் பின்புறத்தில் அடி விழும். இதே மாநிலத்தில் மேற்கே மார்ஃபா என்ற சிற்றூரில் பிளாக்வெல் பள்ளி என்று ஒன்று இருந்தது. மெக்சிக்கப் பிள்ளைகளை மட்டும் தனியாக வைத்துப் படிப்பித்த பள்ளி. 1954இல் அங்கே பிள்ளைகளைத் துண்டுச்சீட்டில் ஸ்பானிஷ் சொற்களை எழுதவைத்து, ஒரு பெட்டியில் போட்டு, சவ அடக்கம் போலவே மண்ணில் புதைத்தார்கள். இன்று அது தேசிய வரலாற்றுத் தலம், அதற்கான சட்டம் 2022இல் வந்தது. அந்த அடி தன் பிள்ளைகளுக்கு விழக்கூடாது என்றுதான் சம்பந்தி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, மொழி போன அந்த வீட்டில் என்ன மிஞ்சியது? மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு மணிக்கு விருந்து என்றால் அம்மா வழி உறவு 1:55க்கு வாசலில் நிற்கும், அப்பா வழி உறவு மூன்றரைக்கு வரும். வந்தவர்கள் ஒருவர் விடாமல் கன்னத்தில் முத்தம் கொடுத்து விசாரிக்க வேண்டும். பிள்ளைகள் மூலையில் ஒளிந்துகொண்டால் அன்றைக்கு வசவுதான். சாப்பிட்டு முடித்தவுடன் சம்பந்தியம்மா தட்டுகளை எடுக்க ஆரம்பிப்பார். அப்பா வழி ஆட்களோ நாற்காலியை விட்டு அசையமாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அப்படியே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவதற்கு சோப்ரமேசா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கிளம்புகிறோம் என்று எழுந்த பிறகும் வாசலில் நின்று ஒரு மணி நேரம். (இதில் நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை.)

சிநேகிதி வீட்டில் இரவு தங்க அனுமதி கேட்டால் "உனக்கு இங்கே கட்டில் இல்லையா?" என்பாராம் சம்பந்தி. அம்மாவுக்கு அது சாதாரண விஷயம், அவரே சின்ன வயதில் அப்படித் தங்கியவர். அதை வைத்து அந்த வீட்டில் நடந்த சண்டைகளை மருமகள் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சளி என்றால் உள்ளங்காலில் விக்ஸ் தேய்த்து மேலே காலுறை. சொல்பேச்சு கேட்காவிட்டால் பாட்டியின் கை காலுக்குப் போகும். சாங்க்லா என்றால் செருப்பு. அது கழன்றால் போதும், எறியவே வேண்டாமாம்.

பெண்பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதில் கின்சியன்யேரா என்று ஒரு விழா. மாதா கோயிலில் பூசை, அப்புறம் விருந்து. தட்டையான செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா தன் கையால் மகளுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிவிடுவார். கேக் ஒரு ஞானத்தாய், கிரீடம் ஒரு ஞானத்தகப்பன் என்று செலவை உறவுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம் மாமன் சீர்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் நம் ஊர்ச் சடங்கு வீட்டைப் போல உடம்பில் நடந்ததை மைக் கட்டி ஊருக்குச் சொல்லும் சங்கடம் அதில் இல்லை, வயதுதான் கணக்கு. இந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தேவலாம் என்பது என் எண்ணம்.

டிசம்பர் 24 ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அம்மா வழியில் பண்டிகை என்றால் 25 காலை பரிசுப் பொட்டலம் பிரிப்பது. அப்பா வழியில் முந்தின ராத்திரிதான் பண்டிகை, அதற்கு முன்னால் தமாலே செய்யும் நாள். சம்பந்தியின் அக்கா தங்கைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஊறவைத்த சோளமடலில் மாவைத் தடவி, மிளகாயில் வெந்த பன்றி இறைச்சியை வைத்து மடித்து, பெரிய பானையில் நிறுத்தி அவிப்பார்கள். முதல் வருடம் நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி கொஞ்சம் மாவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. பதம் சரி என்றாள். உளுந்தவடை மாவுக்கு என் அம்மா பார்த்த அதே பதம். பேசாமல் நானும் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்துவிட்டேன். கார்த்திகைக்குப் பனையோலையில் கொழுக்கட்டை கட்டிய கைக்கு சோளமடல் என்ன பெரிய காரியம்? இப்போது எனக்கென்று கொழுப்பு சேர்க்காமல் பீன்ஸ் வைத்து ஒரு பானை தனியாக வேகிறது.

பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது கடையில் முன்பின் தெரியாத ஒரு மெக்சிக்கக் கிழவி "எவ்வளவு அழகு" என்று சொல்லி அவன் கன்னத்தைத் தொட்டாள். சம்பந்தியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மருமகள்தான் விளக்கினாள்: பாராட்டிவிட்டுத் தொடாமல் போனால்தான் கண் படும், தொட்டுவிட்டால் படாது. அன்று ராத்திரி பிள்ளை விடாமல் அழுதான். சம்பந்தியின் அக்கா வந்து ஒரு பச்சை முட்டையை அவன் உடம்பெல்லாம் உருட்டி, தண்ணீர் டம்ளரில் உடைத்து ஊற்றிப் பார்த்தாள். நான் அடுப்படியில் உப்பும் மிளகாயும் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளை தூங்கிவிட்டான், யார் வைத்தியம் என்று தெரியாது.

இத்தனையும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. அதனால் மொழி போனால் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தியின் அம்மா கடைசி நாட்களில் ஆங்கிலத்தை மறந்துவிட்டார். மருமகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டி சொன்ன ஒவ்வொன்றையும் அப்பா மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒருமுறை அப்பா மொழிபெயர்க்காமல் அழுதுவிட்டார். பாட்டி என்ன சொன்னார் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் 'நோ சாபோ' என்று கேலி செய்வார்கள். 'எனக்குத் தெரியாது' என்பதைத் தப்பாகச் சொன்னால் அப்படித்தான் வரும். ஸ்பானிஷ் தெரியாத பிள்ளைகளுக்கு அதையே பட்டப்பெயராக்கிவிட்டார்கள். இப்போது அவள் முப்பத்தாறு வயதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வினைச்சொல் மனப்பாடம் செய்கிறாள். கட்டுரையாளர் 'எல்லாம் போச்சு' என்று எழுதியதை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

கடைசியாக ஒன்று. ஆங்கிலத்தில் சம்பந்தி என்பதற்கு ஒரு சொல் கிடையாது. ஸ்பானிஷில் இருக்கிறது. போன மாதம் கோயில் வாசலில் சம்பந்தி தன் சிநேகிதரிடம் என்னைக் காட்டி "மி கொன்சுவேக்ரா" என்றார். அது வரை என்னை "மகளுடைய கணவனின் அம்மா" என்று நீட்டி முழக்கி அறிமுகம் செய்துகொண்டிருந்த சம்பந்தியம்மா, அன்று காரில் வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். 'ரா' மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
சான் ஆன்டோனியோ, டெக்சாஸ்